கசெற்றின் கடைசிப் பாட்டு

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு என்ன அனுப்புவார்கள்? சேலை அனுப்புவார்கள், சென்ற் போத்தல் அனுப்புவார்கள், கொஞ்சம் வசதியான ஆட்கள் என்றால் கையில் கட்ட ஒரு மணிக்கூடு அனுப்புவார்கள். எனக்கு வந்தது ஒரு சீடி. அதுவும் நானோ என் பரம்பரையோ கேள்விப்பட்டிராத ஒரு வெள்ளைக்காரியின் பாட்டு. மட்டையில் அவள் ஒரு மலைச்சரிவில் கிற்றாரும் கையுமாக நின்றாள். பின்னால் செம்மறி ஆடுகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. கூடவே ஒரு கடதாசித் துண்டில் மாப்பிள்ளை எழுதியிருந்தார்: ‘இவ எங்கட ரவுனில பிறந்தவ. இதுதான் முதல் அல்பம். கேட்டுப் பாருங்கோ.’ அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை, தன்னைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அக்காவும் அத்தானும் வாடகைக்கு இருந்த மேல்மாடியில் அவர்களோடு இருந்தேன். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில். அங்கே போகும் பாதை திறப்பதும் பூட்டுவதுமாக இருந்ததால் என் கலியாணப் பொறுப்பு முழுவதும் அத்தானின் தலையில் விழுந்திருந்தது. ‘லண்டன் மாப்பிள்ளை’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சீடி வந்த பிறகுதான் அவர் இருப்பது வேல்ஸ் என்று எனக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

“லண்டன்தான். கொஞ்சம் தள்ளி,” என்றார் அத்தான். எங்கள் ஆட்களுக்கு அந்தத் தீவு முழுவதுமே லண்டன்தான்.

சாதகம் பொருந்தியிருந்தது. படமும் பார்த்தாயிற்று, மூக்கிலும் முழியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சாதகமும் சொல்லாது, படமும் சொல்லாது. இந்த மனிசன் கை நீட்டுவானா?

இது என்ன விசர்க் கேள்வி என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் இருந்து பார்த்திருந்தால் அப்படி நினைக்கமாட்டீர்கள். அத்தான் அக்காவுக்கு அடிப்பார். வெளியில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். கப்பல் கம்பனி ஒன்றில் வேலை, பஞ்சுபோல ஒரு குரல், மரக்கறிக் கடைக்காரனோடு சிங்களத்தில் பகிடி, ஒழுங்கைப் பிள்ளைகளுக்குச் சட்டைப்பையில் எப்போதும் ரொபி. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பாட்டுகளைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பார், சில பாட்டுகளுக்குக் கன்னத்தில் கண்ணீர் வடியும். அடிக்கிற நாளில் அதே கசெற்றின் சத்தத்தைக் கூட்டிவிட்டு அறைக்கதவைச் சாத்துவார். “உங்கட வீட்டில எல்லாருக்கும் நல்ல சங்கீத ஞானம் பிள்ளை,” என்று கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் என்னிடம் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த தண்ணீர் வாளியை அந்த ஆளின் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் சிரித்துவிட்டு மேலே வந்தேன். அடி வாங்குகிறவளே வாயைத் திறக்கவில்லை, நான் எப்படித் திறப்பது? அவளுக்கும் நல்ல பொருத்தம் என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள்.

ஆகவே அந்தச் சீடியை நான் விடுவதாக இல்லை. ஒரு ஆள் தனக்குப் பிடித்த பாட்டை அனுப்பினால் அதற்குள் அந்த ஆளும் கொஞ்சம் இருக்கத்தானே வேண்டும்? கேட்டுக் கேட்டு ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

எங்களிடம் சீடி போடும் பெட்டி இல்லை. கசெற் போடும் பழைய ரேப் ஒன்றுதான் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு ரெக்கோடிங் பார் இருக்கிறது என்று அக்கா சொன்னாள். பேரைப் பார்த்துச் சாராயக்கடை என்று நினைக்கவேண்டாம், பாட்டுகளைக் கசெற்றில் பதிந்து தருகிற கடை. இருவருமாக மட்டக்குளி பஸ் ஏறினோம். வழியில் செக்பொயின்றில் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரப் பொடியன் என் கைப்பையைத் திறந்து சீடியை வெளியில் எடுத்தான்.

“மேக்க மொகக்த?” இது என்ன என்கிறான்.

எனக்குத் தெரிந்த சிங்களமும் இங்கிலிஷும் அந்த நேரம் பார்த்து ஒன்றாகக் குழம்பிவிட்டன. மட்டையில் ‘கண்ட்ரி ரொக்’ என்று போட்டிருந்தது, அதை நினைத்து “கண்ட்ரி சோங்ஸ்” என்றேன்.

அவன் முகம் மாறியது. “மொன ரட்டேத?” எந்த நாட்டுடையது என்று கேட்கிறான்.

ஐயோ கடவுளே. ஒரு தமிழ்ப் பெண்ணை நடுறோட்டில் நிறுத்தி, நாட்டுப் பாட்டு வைத்திருக்கிறாயே, எந்த நாடு என்று கேட்டால் அவள் என்னத்தைச் சொல்வாள்? “வேல்ஸ்” என்றேன். அப்படி ஒரு நாட்டை அவனும் கேள்விப்பட்டிருக்கவில்லை. சந்தேகத்தோடு மற்றவனைக் கூப்பிடப் போனான். அக்கா இடையில் புகுந்து, அவனைத் தம்பியாக்கி, “லண்டன், மல்லி, லண்டன்” என்றாள். அவன் மட்டையில் இருந்த ஆட்டையும் மழையையும் இன்னொரு தரம் பார்த்தான். “ஹரி, யன்ன”, சரி போ என்று திருப்பித் தந்தான். பஸ்ஸில் ஏறிய பிறகு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

ரெக்கோடிங் பார்க்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு தங்கச்சி இது?” என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். அறுபது நிமிடக் கசெற் காணும் என்றார், நாளைக்கழித்து வந்து எடுக்கச் சொன்னார்.

கசெற் வீட்டுக்கு வந்த அன்று மூன்று பேருமாக இருந்து கேட்டோம். இங்கிலிஷ் தெரிந்தவர் என்று அத்தான் நடுவில் இருந்தார். முதல் பாட்டிலேயே அவள் தொண்டை கிழியக் கத்தினாள். ஆண்குரல்போல ஒரு கரகரத்த குரல்.

“கண்ட்ரி எண்டால் கிராமம். ரொக் எண்டால் சத்தம். கிராமத்துச் சத்தம்,” என்று அத்தான் விளக்கினார்.

“எங்கட ஊர்ச் சத்தம் ஷெல்தானே,” என்றாள் அக்கா. அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார், அவள் தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. முதல் பாட்டைக் கேட்டபோது, சரி, மாப்பிள்ளை கோபக்காரன், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இரண்டாவது பாட்டு லொறி ஓட்டுவது பற்றியது, அதில் ஒரு முடிவுக்கும் வர இடமில்லை. மூன்றாவதில் கிற்றார் அழுதது. அப்போது, இல்லை, நல்ல மனிசன் என்றுபட்டது. நாலாவது என்ன பாஷை என்றே பிடிபடவில்லை. மட்டையில் அந்தப் பாட்டின் பேரைப் பார்த்தேன். உயிரெழுத்தே இல்லாமல் வெறும் மெய்யெழுத்துகளை வரிசையாக நிறுத்தி வைத்ததுபோல இருந்தது. “இது பழங்கால இங்கிலிஷ்,” என்றார் அத்தான், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். இன்னொரு பாட்டில் ஒருத்தி விடியமுன் உடுப்புப் பெட்டியோடு வீட்டை விட்டுப் போகிறாள் என்பது என் பள்ளிக்கூட இங்கிலிஷுக்கே விளங்கியது. அத்தான் அதை, “தாய் வீட்டுக்கு லீவில போறாவாம்” என்று மொழிபெயர்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன், அவள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பாட்டு வந்தபோது அத்தான் சலித்துப்போய் எழுந்து போய்விட்டார். அதில் மேளமில்லை, கத்தல் இல்லை. ஒரு கிற்றார், ஒரு குரல், அவ்வளவுதான். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நீ பயப்படாமல் படு, நான் வாசலடியில் இருக்கிறேன், ஒன்றும் என்னைத் தாண்டி வராது என்ற மாதிரியான பாட்டு. இதைத்தான் அந்த மனிசன் சொல்ல நினைத்திருக்கிறார், வெட்கத்தில் அந்தக் கத்தல்களுக்கெல்லாம் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது.

“குரல் வேற ஆளின்ர மாதிரிக் கிடக்கு,” என்றாள் அக்கா.

“அழுதால் ஆருக்கும் குரல் மாறும்,” என்றேன். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

அந்தக் கிழமையே அத்தானிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோசம். அப்பாவுக்கு ஆள் மூலம் சேதி போயிற்று. மாப்பிள்ளை அடுத்த மாதம் கொழும்புக்கு வருவார், வந்ததும் கலியாண எழுத்து என்று ஒழுங்காயிற்று. இனி இரண்டு பேரும் ரெலிபோனில் கதைக்கலாம் என்று அத்தான் உத்தரவு தந்தார்.

எங்கள் வீட்டில் ரெலிபோன் கிடையாது. காலி வீதியில் ஒரு கொமினிக்கேசனில் போய் இருந்தால் வெளிநாட்டிலிருந்து கூப்பிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிபோல ஒரு அறை, அதன் கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்துப்படாது. வெளியே வாங்கில் முறைக்குக் காத்திருக்கிற அவ்வளவு சனமும் எங்கள் கதையைக் கேட்கும், நாங்களும் அவர்களுடையதைக் கேட்டவர்கள்தான். அக்கா துணைக்கு வந்து பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளை சுகம் விசாரித்தார், நான் விசாரித்தேன். மழையா என்றேன், மழை என்றார். வேறு கதை வரவில்லை. எனக்கு அந்தப் பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“நீங்கள் அனுப்பின சீடியில கடைசிப் பாட்டு எனக்கு நல்லாப் பிடிச்சது.”

“எந்தப் பாட்டு?”

“அந்த மெதுவான பாட்டு. நீ படு, நான் வாசலில இருக்கிறன் எண்டு வாற பாட்டு.”

“உண்மையைச் சொன்னால் நான் அதை இன்னும் கேக்கேல்ல,” என்றார். “நான் வேலை செய்யிற பெற்றோல் செட்டில வித்தவை. இந்த ரவுனில அனுப்புறதுக்கு வேற ஒண்டும் இல்லை. ஒரு ஆட்டுக்குட்டிப் பொம்மையும் இருந்தது, அது சரிவராது எண்டு இதை வாங்கினனான். நில்லுங்கோ, இண்டைக்குக் கேட்டுப் பாக்கிறன்.”

மூன்றாம் நாள் திரும்ப எடுத்தார். முழுவதும் கேட்டாராம், இரண்டு தரம் கேட்டாராம். அப்படி ஒரு பாட்டே அதில் இல்லையாம். கடைசிப் பாட்டில் அவள் யாரையோ நரகத்துக்குப் போகச் சொல்லிக் கத்துகிறாளாம்.

நான் அக்காவையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ரெக்கோடிங் பார்க்காரர் கசெற்றைப் போட்டுக் கேட்டார். “ஆ, இதுவா? அந்தப் பாட்டெல்லாம் முடிஞ்சி கசெற்றுல எடம் மிஞ்சியிருக்கும் தங்கச்சி. சும்மா வெறும் டேப்பா ஓடினா கஸ்டமர் ஏசுவாங்க. அதனால நாங்க என்னமாவது ஒண்ணு போட்டு நிரப்பிடுவோம்.”

“இது ஆர் பாடினது?”

“தெரியாதே. கையில கெடைச்சதப் போட்டிருப்பேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன், நல்லா இல்லையா? வேணாம்னா அழிச்சித் தாறேன்,” என்றார்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது எனக்கு. அந்த மனிசன் கேட்டேயிராத பாட்டுக்கு, அந்த மனிசன் அனுப்பியேயிராத பாட்டுக்கு, நான் ஓம் என்றிருக்கிறேன். அதுவும் யாரோ ஒருவர் மிஞ்சிய இடத்தை அடைக்கப் போட்ட பாட்டு. யார்மேல் கோபிப்பது என்றும் தெரியவில்லை. மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. கடைக்காரர் தன் வழக்கப்படி செய்தார். அப்படியென்றால் என்னை ஏமாற்றியது யார்? எழுத்து வைக்கமுன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஏறும்போது நினைத்தேன். இறங்கும்போது, பாட்டு இல்லாவிட்டால் என்ன, ஆட்டுக்குட்டிக் கதையை மறைக்காமல் சொன்னானே என்று நினைத்தேன். வீட்டுப் படி ஏறும்போது இரண்டும் பிழை என்று பட்டது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அறைக்குள் ரேப்பின் சத்தம் கூடியது. கதவு சாத்துப்பட்டது. இந்தமுறை அத்தான் போட்டது பழைய பாட்டல்ல, என் கசெற். அந்த வெள்ளைக்காரி கத்திக் கத்திப் பாடினாள். அதுவும் முடிந்து, நீ பயப்படாமல் படு என்கிற அந்தப் பாட்டும் அதே சத்தத்தில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓடியது. நான் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். என் புத்தி எங்கே போயிருந்தது? பாட்டுக்குக் கண்ணீர் விடுகிற மனிசன் ஒருவர் என் கண்ணுக்கு முன்னாலேயே இருக்க, நான் ஒரு பாட்டை வைத்து இன்னொரு மனிசனை அளந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

கசெற் நின்ற பிறகு அத்தான் வெளியே வந்து, “கேக்கக் கேக்க நல்லாத்தான் இருக்கு,” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

மறுநாள் மாப்பிள்ளை கூப்பிடும் நாள். அக்கா அந்த வெயிலுக்குள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். கொமினிக்கேசனில் சரியான சனம். லைன் மோசம், இரைச்சல். அவர் சுகம் விசாரிக்கத் தொடங்கினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“நான் ஒண்டு கேப்பன், நேராச் சொல்லுங்கோ.”

“என்ன? விளங்கேல்ல. கொஞ்சம் பலத்துக் கதையுங்கோ.”

“கோவம் வந்தால் நீங்கள் அடிப்பீங்களோ?” என்று கத்தினேன்.

வெளியே வாங்கில் கதை நின்றுபோயிற்று. காசு வாங்கும் பெட்டை தலையை நிமிர்த்திப் பார்த்தாள். எல்லா மாப்பிள்ளைகளும் சொல்வதை இவரும் சொல்வார் என்று காத்திருந்தேன். சீச்சீ, என்ன இப்பிடிக் கேக்கிறீங்கள், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பார். அதைக் கேட்டால் நம்புவதா விடுவதா என்று அதற்குள்ளேயே குழம்பத் தொடங்கிவிட்டேன். அவர் அதைச் சொல்லவில்லை.

“அங்க ஆர் உங்களுக்கு அடிக்கிறது?” என்று கேட்டார்.

அத்தனை வருடங்களில் அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, ஒரே கூரைக்குக் கீழே இருந்த நானும் கேட்கவில்லை. ஒருவரும் கேட்டிராத கேள்வி அது. “எனக்கில்லை,” என்றேன். அதோடு அழுதுவிட்டேன். அவர் ஹலோ, ஹலோ என்றுகொண்டிருந்தார்.

அக்கா என் கையிலிருந்து றிசீவரை வாங்கினாள். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தாள், அது வழக்கம்போல வரவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

“தம்பி, நான் அக்கா கதைக்கிறன். அடி விழுறது எனக்கு,” என்றாள். அவ்வளவு சனத்துக்கு முன்னால், முகம் தெரியாத ஒருவரிடம், நாளைக்கு அரிசி வாங்க வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

பிறகு அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். “ம்” என்றாள். “ஓம், கனகாலம்” என்றாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். “இல்லை” என்றாள். திரும்பவும், “இல்லைத் தம்பி, அப்பிடி ஒண்டும் நான் எடுக்கேல்ல” என்றாள். றிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. ஒன்றுமே விளங்காத ஒரு பார்வைதான் இருந்தது.

“எனக்குப் பாஸ்போட் இருக்கோ எண்டு கேக்குது, இந்தப் பிள்ளை,” என்றாள். “நாளைக்கே போய் அதுக்கு எழுதிக் குடுக்கட்டாம்.”